சரணடைதல்: ஒரு வினைச்சொல்லும் அதன் பொறுப்பும்

மருதமுனையில் இளம் செய்தியாளர்களுக்கென நடைபெற்ற ஒருநாள் பயிற்சிக் கருத்தரங்கில் மொழிபெயர்ப்பு குறித்துப் பேசும் வாய்ப்பு அண்மையில் கிடைத்தது. ஆங்கிலச் செய்தியொன்றைக் கொடுத்துத் தமிழாக்கும்படி கேட்டிருந்தோம். போராளிகள் தமது ஆயுதங்களைப் படையினரிடம் ஒப்படைத்தனர் என்பதே அச்செய்தியின் சாரம். அங்கு இடம்பெற்றிருந்த ஆங்கில வினைச்சொல் ‘சரண்டர்’. ஒரு மாணவர் அதனை, “போராளிகள் தமது ஆயுதங்களைச் சரணடைந்தனர்” என எழுதியிருந்தார். சபையில் சிரிப்பெழுந்தது. அம்மாணவரோ சற்றும் தளராமல், “சேர், அகராதியில் சரண்டர் என்றால் சரணடைதல் என்றுதானே இருக்கிறது?” எனக் கேட்டார்.

அவருடைய கேள்வி நியாயமானது. அகராதியில் அவ்வாறுதான் இருக்கிறது. ஆயினும் அவர் எழுதிய வாக்கியத்துக்குத் தமிழில் வேறொரு பொருள் உண்டு. இறைவனைச் சரணடைந்தான் என்றால் இறைவனைப் புகலிடமாகக் கொண்டான் என்பது கருத்து. அவ்வாறே ஆயுதங்களைச் சரணடைந்தனர் என்றால் ஆயுதங்களையே தஞ்சமெனப் பற்றிக்கொண்டனர் என்றாகும். ஆயுதத்தைக் கீழே வைத்தவர்களை ஆயுதத்திடம் அடைக்கலம் புகுந்தவர்களாக்கி, மூலச் செய்தியை அவ்வாக்கியம் நேர் எதிராகத் திருப்பிவிட்டது.

இந்தப் பிழையைத் திருத்திவிட்டுக் கடந்துபோக முடியவில்லை. போரின் மொழியில் நீண்டகாலம் வாழ்ந்த நாடு இது. அந்த மொழியின் வினைச்சொற்களுள் இதனைப்போல் பலரது உயிரோடும் மானத்தோடும் வழக்கோடும் பிணைந்த சொற்கள் அதிகமில்லை. ஆகவே இச்சொல்லின் நேர்ப்பொருளையும் உருவகப் பொருளையும், ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வரும்போது அது எங்கே இடறுகிறது என்பதையும் சற்று விரிவாக நோக்குவது பயனுடையதாகும்.

காணியிலிருந்து களத்துக்கு

‘சரண்டர்’ என்பது ஆங்கிலத்தில் இராணுவச் சொல்லாகப் பிறந்ததன்று. பழைய பிரெஞ்சு மொழியில் ‘மேலே’ என்பதைக் குறிக்கும் முன்னொட்டும் ‘திருப்பிக் கொடு’ என்பதைக் குறிக்கும் வினையும் இணைந்து உருவான சொல் அது. இங்கிலாந்தின் சட்ட மொழியில் 15ஆம் நூற்றாண்டில் அது குத்தகைக் காணியை, நில உரிமையை, பதவியை உரியவரிடம் திருப்பி ஒப்படைப்பதைக் குறித்தது. போர்வீரன் எதிரியிடம் தன்னை ஒப்புக்கொடுத்தல் என்ற பொருள் 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே வழக்குக்கு வந்தது. அதாவது, நாம் இன்று இச்சொல்லின் நேர்ப்பொருள் எனக் கருதும் இராணுவப் பொருளே ஒரு காலத்தில் காணிச் சட்டத்திலிருந்து எடுக்கப்பட்ட உருவகமாக இருந்தது.

சட்ட மொழியிலிருந்த காலத்திலேயே இச்சொல் ஒரு வேடத்தையும் பூண்டுகொண்டது. எட்டாம் ஹென்றி மன்னர் 1530களில் இங்கிலாந்தின் துறவி மடங்களை மூடி அவற்றின் சொத்துகளைக் கையகப்படுத்தியபோது, பல மடங்கள் தாமே விரும்பி ஒப்படைப்பதாக ‘சரண்டர்’ உறுதிகளில் கையொப்பமிட்டன. கையொப்பம் துறவிகளுடையது, பின்னால் நின்ற பலம் மன்னருடையது. கொடுத்தார்கள் எனச் சொல்லி, பறிக்கப்பட்டது என்பதை மறைக்க இச்சொல் உதவியது. அந்த இயல்பு இன்றுவரை அதனை விட்டு அகலவில்லை.

இன்றைய ஆங்கிலத்தில் இவ்வினை மூன்று விதமாக இயங்குகிறது. ஒருவர் ஒரு பொருளை ஒப்படைப்பது முதலாவது. ஒருவர் தம்மையே ஒப்படைப்பது இரண்டாவது. ஒருவர் இன்னொருவரைப் பிறிதொரு தரப்பிடம் ஒப்படைப்பது மூன்றாவது. மூன்றுக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல். தமிழில் அவ்வாறில்லை. பொருளை ஒப்படைக்கிறோம், கையளிக்கிறோம்; ஒருவர் தாமே சென்றால் சரணடைகிறார்; ஒருவரை மற்றவர் கொண்டுபோய் விட்டால் ஒப்படைக்கப்படுகிறார். ஆங்கிலத்தின் ஒரு சொல்லை நாமும் ஒரே சொல்லாக வைத்துக்கொள்ளும்போதுதான் இடறுகிறோம்.

உருவகப் பிரயோகங்களுக்கோ அளவில்லை. ஆங்கிலத்தில் ஒருவர் உறக்கத்திடம் ‘சரண்டர்’ ஆகலாம், ஆசையிடம் ஆகலாம். காப்புறுதிப் பத்திரத்தைத் தவணை முடியுமுன் திருப்பிக் கொடுத்துப் பணம் பெறுவதும் அதே சொல்தான். தமிழகத்தில் அரச ஊழியர்கள் எடுக்காத விடுமுறையைத் திருப்பிக் கொடுத்துச் சம்பளமாகப் பெறுவதைச் ‘சரண் விடுப்பு’ என்கிறார்கள். எவரிடமும் தோற்காமல், எவரிடமும் தஞ்சம் புகாமல், அலுவலக எழுதுவினைஞர் ஒருவர் ஆண்டுதோறும் சரண் செய்துகொண்டிருக்கிறார் என்பதை வாசிக்கும் நமக்குச் சற்று வேடிக்கையாகவே இருக்கும். அங்கு ‘ஒப்படைப்பு’ என்ற சொல் போதுமானதாயிருந்தது. ஆங்கிலத்தின் பழைய சட்டப் பொருளைத் தமிழின் சமயச் சொல்லில் ஏற்றியதால் வந்த விளைவு அது.

தமிழில் சரண் என்பது

ஆங்கிலச் சொல் ‘விட்டுக்கொடு’ என்பதிலிருந்து புறப்படுகிறது. தமிழ்ச் சொல் ‘போய்ச் சேர்’ என்பதிலிருந்து புறப்படுகிறது. ‘சரண்’ என வடமொழிவழி வந்த சொல்லுக்குப் புகலிடம், காப்பு என்பன பொருள். ‘அடைதல்’ சென்று சேர்தல். எனவே சரணடைதல் என்பதன் முதற்பொருள் காப்பிடத்தைச் சென்று சேர்தல். ஆங்கிலச் சொல்லைக் கேட்கும்போது இழப்பு முன்னே தெரிகிறது. தமிழ்ச் சொல்லைக் கேட்கும்போது, ஏற்றுக்கொள்ளும் ஒருவர் எதிரே நிற்பது தெரிகிறது.

இதனால்தான் நமது நாட்டின் சமயங்கள் யாவும் இச்சொல்லையோ இதன் கருத்தையோ மிக உயர்ந்த இடத்தில் வைத்திருக்கின்றன. பௌத்தர்கள் புத்தர், தர்மம், சங்கம் ஆகிய மும்மணிகளைச் சரணடைவதே அவர்களது சமயப் பிரகடனம். வைணவத்தில் சரணாகதி ஒரு தத்துவம். கம்பராமாயண யுத்த காண்டத்தில் வீடணன் இராமனிடம் வந்து சேரும் பகுதிக்கு ‘வீடணன் அடைக்கலப் படலம்’ என்றே பெயர். எதிரியின் தம்பி, போருக்குச் சற்று முன்னர், எதிரணிப் பாசறைக்கு வருகிறான். ஏற்பதா, விடுவதா என்று அங்கே நீண்ட விவாதம் நடக்கிறது. இராணுவ அர்த்தத்தில் சரண், சமய அர்த்தத்தில் சரண் என இரண்டும் ஒரே நிகழ்வில் சந்திக்கும் இடம் அது.

‘அடைக்கலம்’ என்ற சொல்லையும் இங்கு நினைவுகூர வேண்டும். சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையில் கவுந்தியடிகள் கண்ணகியை மாதரி என்ற இடைக்குலப் பெண்ணிடம் ஒப்படைக்கிறார். அங்கு அடைக்கலம் என்பது புகலிடத்தை மட்டுமன்றி, பாதுகாத்துத் தரும்படி ஒப்படைக்கப்பட்டவரையும் குறிக்கிறது. முஸ்லிம் வாசகர்களுக்கு இது புதிதன்று. நாம் நாள்தோறும் பயன்படுத்தும் ‘அமானிதம்’ என்ற சொல் இதே கருத்தைத்தான் தாங்கிநிற்கிறது. ஒப்படைக்கப்பட்ட பொருளுக்கு வாங்கியவர் பொறுப்பு. கேட்கும்போது குறைவின்றித் திருப்பிக் கொடுப்பது அவரது கடமை.

அரபு மொழி இவ்விடயத்தில் ஆங்கிலத்தைவிடத் தெளிவானது. ஸீன், லாம், மீம் என்ற மூன்று வேரெழுத்துகளிலிருந்து அது பல சொற்களை வகுத்து வைத்திருக்கிறது. ‘ஸலாம்’ அமைதி. ‘இஸ்லாம்’ இறைவனுக்குத் தன்னை முழுமையாக ஒப்படைத்தல். ‘தஸ்லீம்’ ஒரு பொருளைக் கையளித்தல். தொழுகையின் முடிவில் ஸலாம் கூறுவதற்கும் அதே பெயர். போர்க்களத்தில் எதிரியிடம் சரணடைவதற்கோ ‘இஸ்திஸ்லாம்’ என்ற வேறொரு வடிவம் இருக்கிறது. ஒரே வேர்தான், எனினும் தொழுகையாளியையும் தோற்ற வீரனையும் அரபு ஒரே சொல்லால் அழைப்பதில்லை.

ஆங்கில நூல்கள் பலவற்றில் இஸ்லாம் என்பதற்கு ‘சரண்டர்’ எனப் பொருள் கூறப்பட்டிருக்கிறது. பிழையென்று அதனைத் தள்ளிவிட முடியாது. ஆனால், ஆங்கில வாசகரின் செவியில் அச்சொல்லோடு வெள்ளைக் கொடியும் உயர்த்திய கைகளும் சேர்ந்தே ஒலிக்கின்றன. அடிமைப்படுத்தப்பட்டவர்களின் மார்க்கம் என்ற தவறான தோற்றம் சிலருக்கு அங்கிருந்து கிடைக்கிறது. அந்த ஆங்கில விளக்கத்தை மீண்டும் தமிழாக்குபவர், போர்ச் செய்தியிற் பழகிய கையோடு ‘சரணடைதல்’ என எழுதும்போது சுற்றுப்பாதையில் வந்த பொருட்சிதைவு நம்மிடமே வந்து சேர்கிறது. ‘முழுமையாக ஒப்படைத்தல்’, ‘அடிபணிதல்’ என நமது ஆலிம்கள் நெடுங்காலமாக எழுதிவந்த சொற்களே இவ்விடத்தில் பொருத்தமானவை.

வேற்றுமை உருபில் ஒரு வேறுபாடு

தமிழ் இவ்வேறுபாட்டை வேறொரு வழியில் காட்டுகிறது. இறைவனைச் சரணடைந்தான் என்கிறோம். பொலிஸாரிடம் சரணடைந்தான் என்கிறோம். முன்னதில் ‘ஐ’ உருபு, பின்னதில் ‘இடம்’. புகலிடம் என நம்பிச் சென்ற இடத்துக்கு ‘ஐ’ வருகிறது. பிடிக்கக்கூடிய அதிகாரத்தின் முன் சென்று நிற்கும்போது ‘இடம்’ வருகிறது. எவரும் கற்றுக்கொடுக்காமலே நமது பேச்சில் இது படிந்திருக்கிறது. கருத்தரங்கில் அம்மாணவரின் வாக்கியத்தைக் கேட்டவர்கள் சிரித்தமைக்கும் இதுவே காரணம். ‘ஆயுதங்களை’ என்பதில் உள்ள ‘ஐ’ உருபு, ஆயுதத்தை ஆண்டவனின் இடத்தில் வைத்துவிட்டது.

சொல்லைத் தவிர்த்தவர்கள்

‘சரண்டர்’ என்ற சொல்லின் சுமையை அறிந்தவர்கள் அதனைத் தவிர்க்கவே முயன்றிருக்கிறார்கள். 1945 ஓகஸ்ட் 15ஆம் திகதி ஜப்பானியச் சக்கரவர்த்தி வானொலியில் ஆற்றிய உரையில் சரணடைகிறோம் என்ற சொல் இடம்பெறவில்லை. நேச நாடுகளின் பிரகடனத்தை ஏற்றுக்கொண்டதாக மட்டுமே அவர் அறிவித்தார். செப்டெம்பர் 2ஆம் திகதி போர்க்கப்பலில் கையொப்பமான ஆவணத்திலோ அச்சொல் தெளிவாக இருந்தது. 1971 டிசெம்பர் 16ஆம் திகதி டாக்காவில் கையொப்பமான ஆவணத்தின் தலைப்பிலேயே அச்சொல் இருந்தது.

நிபந்தனையோடு ஒப்படைப்பதற்கு ஐரோப்பியர் வேறொரு சொல்லை வைத்திருந்தனர். ‘கபிட்டுலேஷன்’ என்பது அது. தலைப்புகளாக வகுத்து எழுதப்பட்ட நிபந்தனைகள் என்பது அதன் மூலப்பொருள். 1796 பெப்ரவரியில் ஒல்லாந்தர் கொழும்பைப் பிரித்தானியரிடம் ஒப்படைத்தது அத்தகைய நிபந்தனைப் பத்திரமொன்றின் கீழேயே.

நமது நாட்டில் 1987 ஜூலை 29ஆம் திகதி கையொப்பமான இலங்கை - இந்திய ஒப்பந்தத்தின் ஆங்கில வாசகத்தில், ஆயுதக் குழுக்களிடமுள்ள ஆயுதங்கள் யாவும் ‘சரண்டர்’ செய்யப்படும் என்றே எழுதப்பட்டிருந்தது. தமிழில் அது ‘ஆயுத ஒப்படைப்பு’, ‘ஆயுதக் கையளிப்பு’ என வழங்கியது. ஓகஸ்ட் 5ஆம் திகதி பலாலியில் அதன் அடையாள நிகழ்வு நடந்தபோதும் தமிழ் வாசகர் அதனைக் கையளிப்பாகவே வாசித்தார். ஆங்கிலத்தில் ஒரு தரப்பு பணிந்தது போன்றும், தமிழில் ஒரு பொருள் கைமாறியது போன்றும் ஒரே நிகழ்வு இரு மொழிகளில் இரு நிகழ்வுகளாயிற்று. இலக்கணப்படி தமிழாக்கம் சரியானது. எனினும் அவ்விரு வாசிப்புகளுக்கும் இடையிலிருந்த தூரம் வெகுவிரைவில், அதே ஆண்டு ஒக்டோபரில் போராக வெளிப்பட்டது.

ஏற்றவர் கடமை

சரணடைந்தவரைக் கொல்லலாகாது என்பது இன்று சர்வதேச சட்டம். 1907ஆம் ஆண்டின் ஹேக் விதிகள், ஆயுதத்தைக் கீழே வைத்துச் சரணடைந்த எதிரியைக் கொல்வதையும் காயப்படுத்துவதையும் தடை செய்தன. 1949ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கைகளின் பொதுவான 3ஆம் உறுப்புரை, உள்நாட்டுப் போரிலும் ஆயுதத்தைக் கைவிட்டவர்கள் மனிதாபிமானத்துடன் நடத்தப்பட வேண்டும் என்கிறது. திருக்குர்ஆனின் 9ஆம் அத்தியாயத்தின் 6ஆம் வசனம், பாதுகாப்புத் தேடிவரும் எதிர்த்தரப்பினருக்குப் பாதுகாப்பளித்து, அவரை அச்சமற்ற இடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும்படி பணிக்கிறது. சரண் என்ற சொல்லில் தமிழ் பொதித்து வைத்திருக்கும் கடமையும் இதுவேதான்.

அக்கடமை எவ்வாறு மீறப்பட்டது என்பதற்கு நாம் தொலைவில் உதாரணம் தேட வேண்டியதில்லை. 1990 ஜூன் 11ஆம் திகதி கல்முனை உட்பட கிழக்கின் பொலிஸ் நிலையங்கள் விடுதலைப் புலிகளால் சூழப்பட்டன. சண்டையிடாது சரணடையுமாறு கொழும்பிலிருந்து கிடைத்த பணிப்பின்பேரில் பொலிஸார் ஆயுதங்களைக் கைவிட்டனர். அவர்களுள் சிங்களவரும் முஸ்லிம்களுமாக 600 இற்கும் மேற்பட்டோர் பின்னர் கொல்லப்பட்டனர். அதனைத் தொடர்ந்த வாரங்களில் கல்முனையிலும் சூழவுள்ள ஊர்களிலும் தமிழ் மக்கள் படையினரின் கையில் உயிரிழந்தனர். ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்றவர்களும், ஏறாவூரில் உறக்கத்தில் இருந்தவர்களும் கொல்லப்பட்டனர். செப்டெம்பர் 5ஆம் திகதி வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் அடைக்கலம் புகுந்திருந்த தமிழர்களுள் 158 பேர் படையினரால் கொண்டுசெல்லப்பட்டனர், அவர்கள் திரும்பவில்லை. சரண், அடைக்கலம், புகலிடம் என்ற மூன்று சொற்களும் ஒரே ஆண்டில், ஒரே மாகாணத்தில், எல்லாச் சமூகங்களின் முன்னிலையிலும் பொய்த்துப்போயின.

2009 மே மாதம் முல்லைத்தீவு வட்டுவாகலில் நிகழ்ந்ததில் இவ்வினைச்சொல்லின் இலக்கணமே வழக்கின் பொருளாகியது. அங்கே தமது பிள்ளைகளையும் கணவர்களையும் இழந்த குடும்பத்தினர், அவர்கள் ‘சரணடைந்தார்கள்’ என்பதைவிட, ‘நாங்கள் எங்கள் கையால் ஒப்படைத்தோம்’ என்றே வலியுறுத்தி வருகின்றனர். வேறுபாடு சிறியதாகத் தோன்றலாம். சரணடைந்தார் எனும்போது செய்தவர் போனவர். காண்பதற்குச் சாட்சி இல்லாமலும் இருக்கலாம். ஒப்படைத்தோம் எனும்போதோ கொடுத்தவர் ஒருவர், வாங்கியவர் ஒருவர், நாள், இடம் யாவும் வந்துவிடுகின்றன. அது அமானிதத்தின் மொழி. கொடுத்தவர் கேட்கிறார், வாங்கியவர் பதில் சொல்ல வேண்டும். ஆட்கொணர்வு மனுக்களில் வவுனியா மேல் நீதிமன்றத்தின் முன்னும், 2017 பெப்ரவரியில் தொடங்கிய தொடர் போராட்டங்களிலும் கேட்கப்பட்டது இக்கேள்வியே. இதனை ஆங்கிலத்தில் எழுதும்போது ‘சரண்டர்’ என்ற ஒரே சொல் இரண்டையும் விழுங்கிவிடுகிறது. அந்த ஆங்கில அறிக்கையைத் தமிழாக்கும் செய்தியாளர் கவனமின்றிச் ‘சரணடைந்தோர்’ என எழுதினால், ஒரு தாயின் சாட்சியத்தில் பாதியை அவர் அறியாமலே அழித்துவிடுகிறார்.

சட்டத்தின் மொழியில்

சட்டமும் இச்சொல்லைப் பயன்படுத்தியிருக்கிறது. 2005ஆம் ஆண்டின் அவசரகாலச் சட்ட விதிகள் ‘சரணடைந்தவர்’ என்றொரு வகுதியை உருவாக்கின. அவ்விதிகள் 2011 ஓகஸ்டில் அவசரகால நிலையுடன் காலாவதியாகின. போரின் முடிவில் ஏறத்தாழ 12,000 பேர் புனர்வாழ்வு நிலையங்களுக்கு அனுப்பப்பட்டனர்.

2021 மார்ச் 12ஆம் திகதி பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் வெளியான தீவிரவாத நீக்க ஒழுங்குவிதிகள், இன, மத ஒற்றுமையைக் குலைக்கும் விதத்தில் பேசியதாகவோ எழுதியதாகவோ சந்தேகிக்கப்பட்டுச் ‘சரணடையும் அல்லது கைதாகும்’ எவரையும், விசாரணைத் தீர்ப்பின்றி ஓராண்டு வரை, நீடிப்புக்கும் உட்பட்டு, புனர்வாழ்வுக்கு அனுப்ப வழிசெய்தன. 2019ஆம் ஆண்டின் உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களுக்குப் பின்னர் அச்சத்தோடு வாழ்ந்த முஸ்லிம் சமூகம் இதனால் பெரிதும் கலங்கியது. பேச்சுக்காகச் ‘சரணடைவது’ என்றால் என்ன? கையில் ஆயுதம் இல்லாதவர் எதனைக் கீழே வைப்பார்? போர்க்களத்தின் வினைச்சொல்லைப் பேச்சுக்கும் எழுத்துக்கும் பொருத்தியதன் மூலம், பேசியவரையும் போராளியாக்கிவிட்டது அந்த வாசகம். உயர் நீதிமன்றம் 2021 ஓகஸ்டில் அவ்விதிகளை இடைநிறுத்தியது. 2023ஆம் ஆண்டில் அவை அடிப்படை உரிமைகளை மீறுவன எனத் தீர்ப்பளித்தது. உருவகம் சட்டத்துக்குள் நுழைந்தால் அதன் விளைவு உருவகமாக இருப்பதில்லை என்பதற்கு இது போதிய சான்று.

செய்தியாளர் கவனத்துக்கு

நாளாந்தச் செய்திகளில் இச்சொல் தாராளமாகப் புழங்குகிறது. கிரிக்கெட் அணியொன்று தோற்றால் ‘சரண்’ எனத் தலைப்பிடுகிறோம். கட்சி மாறிய அரசியல்வாதி பதவிக்குச் சரணடைந்தார் என்கிறோம். இவை உருவகங்கள் என்பதை வாசகர் அறிவார். இவற்றால் பெருந்தீங்கு இல்லை. அடிக்கடி கையாள்வதால் சொல் தேய்ந்துபோகிறது என்பதே குறை.

சிக்கல் நீதிமன்றச் செய்திகளில் இருக்கிறது. சந்தேகநபர் ஒருவர் சட்டத்தரணி ஊடாக நீதிமன்றில் சரணடைந்தார் என நாள்தோறும் எழுதுகிறோம். சட்டப்படி அவர் செய்தது, தம்மை நீதிமன்றத்தின் அதிகாரத்துக்கு உட்படுத்தியமை மட்டுமே. குற்றத்தை அவர் ஏற்றுக்கொள்ளவில்லை. ஆனால், போர்க்காலச் செய்திகளில் வளர்ந்த வாசகரின் மனத்தில் சரணடைந்தவர் தோற்றவர், தோற்றவர் குற்றவாளி என்ற தொடர் தானாகவே ஓடுகிறது. வழக்கு முடிந்து அவர் விடுதலையானாலும் ஊரார் மனத்தில் அந்தச் சொல் எஞ்சிவிடுகிறது. நீதிமன்றில் ‘முன்னிலையானார்’ என எழுதினாலே போதுமான பல சந்தர்ப்பங்கள் இருக்கின்றன.

கருத்தரங்கின் இறுதியில் மாணவர்களிடம் மூன்று கேள்விகளை மனத்தில் வைக்கும்படி கூறினோம். ஒப்படைக்கப்பட்டது பொருளா, ஆளா? ஆளாயின், அவர் தாமே சென்றாரா, மற்றவர் கொண்டுபோய் விட்டாரா? ஏற்றுக்கொண்டவர் யார்? இம்மூன்றுக்கும் விடை தெரிந்தபின் பொருத்தமான தமிழ் வினை தானாகவே வந்துசேரும். விடை தெரியாவிட்டால், மொழிபெயர்ப்பை நிறுத்திவைத்துச் செய்தியை மேலும் விசாரிக்க வேண்டும்.

மூன்றாவது கேள்வியே முக்கியமானது. ஆங்கிலச் செய்திகள் பலவற்றில் அவர்கள் சரணடைந்தனர் என்பதோடு வாக்கியம் முடிந்துவிடும். யாரிடம் என்பது இராது. தமிழில் ‘யாரிடம்’ என்று கேட்காமல் இவ்வினை நிறைவுபெறுவதில்லை. அந்த இடத்தை வெறுமையாக விடாமல் நிரப்பி எழுதுவது செய்தியாளரின் கடமை. முதலில் கேள்வி கேட்ட அம்மாணவர் தமது வாக்கியத்தைத் திருத்தி எழுதிக் காட்டினார். “போராளிகள் தமது ஆயுதங்களைப் படையினரிடம் ஒப்படைத்தனர்” என்றிருந்தது. அதன்கீழே, நாமெவரும் கேட்காமலே, இன்னொரு வரியையும் அவர் குறித்திருந்தார்: “பொறுப்பேற்ற அதிகாரியின் பெயரைக் கேட்டு எழுத வேண்டும்.”